ஆறு கம்பியும் ஒரு துண்டுச் சீட்டும்

போன வாரக் கதையைப் படித்துவிட்டு ஆரோக்கியமேரியைத் திட்டி எனக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. புருஷனுக்குத் தெரியாமல் நாத்தனாருக்குக் கடிதம் போட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தன் ஏழு வருஷமாகத் தங்கச்சி பேரை வாயால் சொல்லாமல், மனசுக்குள் மட்டும் அவளையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இருக்கிறவள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? நானாக இருந்தால் இரண்டாம் வருஷமே தந்தி அடித்திருப்பேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜெயராஜ்தான் மேரியின் புருஷன். அவனுக்கு ஒரே தங்கை, விக்டோரியா. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை அவன்தான் வளர்த்தான். அறுபத்தேழில் அவள் பழவேற்காட்டு மீன்பிடி வீட்டுப் பிள்ளை பூவராகவனை விரும்பினாள். அவர்கள் கோயில், இவர்கள் மாதா கோயில். ஜெயராஜ் கொஞ்ச நாள் குதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவனே முன்னால் நின்று கல்யாணத்தைப் பதிவு செய்து வைத்தான்.

அத்தோடு எல்லாம் சுமுகமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கல்யாணம் முடிந்த நாலாம் நாள், சம்பந்தி வீட்டுக்கு அவன் ஆசை ஆசையாக அனுப்பி வைத்த கறியை அவர்கள் நாய்க்குப் போட்டுவிட்டார்கள் என்று, கொண்டுபோனவன் வந்து சொன்னான். அதற்கு அடுத்த மாதம் பொன்னேரி சந்தையில் எதிரே வந்த பூவராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். "இனிமே அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று ஜெயராஜ் சந்தையிலேயே கத்தினான். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

கறியை ஏன் நாய்க்குப் போட்டார்கள்? ஜெயராஜுக்குத் தெரியாது. விக்டோரியாவுக்கும் தெரியாது.

இப்போது மேரியின் கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது. 'அண்ணி, ஆடி மூன்றாம் ஞாயிறு பெரியபாளையத்தில் அத்தைக்கு வேண்டுதல். முடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். அத்தை அண்ணனிடம் நேருக்கு நேர் ஒன்று கேட்க வேண்டுமாம். என்னவென்று என்னிடமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு பயமாக இருக்கிறது.'

இந்தக் கடிதத்தை மேரி ஜெயராஜிடம் காட்டிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

* * *

காலை ஐந்தரை மணிக்கு ஜெயராஜ் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"பூசைக்குக் கெளம்பாம எங்க போறீங்க?" என்றாள் மேரி.

"கறிக்கடைக்கு."

"முக்குல கீற கடைக்கு இன்னாத்துக்குக் காத்தடிக்கணும்?"

"அந்தக் கறி இல்ல. மசாலா தடவி, ஊற வெச்சி, கம்பில குத்தித் தருவாங்க. வாங்கியாந்து நெருப்புல வாட்டினா போதும். அது வோணும்."

மேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வேண்டுதல் முடிச்சிட்டு வர்றவங்க கறி துன்னுவாங்களா?"

"பெரியபாளையத்துல ஆடு கோழி அறுக்காம எவன் திரும்பி வர்றான்? எல்லாம் துன்னுவாங்க."

"இருக்கிற பேஜாரு போதாதா உங்களுக்கு? கறியாலதான சண்டையே வந்துச்சு. ஒரு சாம்பார் வெச்சி, அப்பளம் பொரிச்சா ஆவாதா?"

"ஆவாது" என்றான் ஜெயராஜ். "அன்னிக்கு என் கண்ணு மறவுல நாய்க்குப் போட்டாங்க இல்ல? இன்னிக்கு என் கண்ணு முன்னாடி அதே கறிய வெக்கிறேன். துன்றாங்களா இல்லியா பாக்கலாம்."

சொல்வது வீம்பாகத்தான் சொன்னான். ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தக் கறி விக்டோரியாவுக்கு உயிர். அதை வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கோபத்தைப் போர்த்திக்கொண்டு சைக்கிள் ஏறினான். மேரிக்கும் அது புரிந்தது. புரியாத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

* * *

ஊர் இப்போது நிறைய மாறிவிட்டது. கம்பெனிகள் வர வர, சம்பள ஞாயிறுகளில் நாக்கு ருசி தேடுகிற கூட்டமும் வந்துவிட்டது. ரயில்வே கேட் பக்கத்தில் புதிதாக முளைத்த ஒரு கறிக்கடையில், ஈரத்துணி போட்டு மூடிய தட்டு நிறைய செக்கச்செவேல் என்று மசாலா கறி வைத்திருந்தான் கடைக்காரன்.

"ராத்திரியே ஊற வெச்சது சார். அப்படியே வாட்ட வேண்டியதுதான்."

ஜெயராஜ் ஒரு துண்டை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது. பப்பாளிக்காய் அதிகம். நெருப்பில் வைத்தால் துண்டாக நிற்காது, கூழாக வழியும். விரலைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தான். சிவப்பு போகவில்லை. மிளகாயின் சிவப்பு கழுவினால் போகும், சாயப்பொடியின் சிவப்பு சாயங்காலம் வரை விரலில் இருக்கும். முகர்ந்து பார்த்தான். இஞ்சி வாசனை வர வேண்டிய இடத்தில் புளித்த காடி வாசனை வந்தது.

எனக்கு இந்த இடத்தில் கோபமே வருகிறது. சுத்தமான இளம் ஆட்டுக் கறியை யாராவது காடியில் போட்டு மறைப்பார்களா? மறைக்க வேண்டிய கறி என்றால்தான் காடி. ஜெயராஜ் அதெல்லாம் சொல்லவில்லை, "அப்பறம் வரேம்பா" என்று சைக்கிளை எடுத்துவிட்டான்.

கவரைப்பேட்டைக் கடைக்காரன் யோக்கியன். "மசாலா கிசாலா நம்மாண்ட கெடையாதுண்ணா. நல்ல தொடக்கறி கீது. ஊட்டுக்கு எடுத்துகினு போய் நீங்களே தடவிக்கோங்க" என்றான்.

ஜெயராஜ் கல்யாணமான புதிதில் அதையும் செய்து பார்த்தவன்தான். ஒரு முறை ரப்பர் மாதிரி வந்தது, அடுத்த முறை கம்பியில் இருந்து கழன்று கரியில் விழுந்தது. மேரி மூன்று நாள் சிரித்தாள். அந்தக் கைப்பக்குவம் பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது.

ஏழு வருஷமாகப் போகாத அந்தச் சாலையில் சைக்கிளைத் திருப்பினான்.

* * *

விக்டோரியாவின் கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் கவரைப்பேட்டையில்தான் குடியிருந்தார்கள். ஜெயராஜுக்கு எண்ணூரில் ஒரு பட்டறையில் வேலை. சம்பளம் வாங்கிய முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு விக்டோரியாவை சைக்கிள் முன் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு ஆரணிக்குக் கிளம்புவான். பாதி வழியில் அவளுக்குக் கால் மரத்துப்போகும். இறங்கி நொண்டுவாள். "இந்த மாசத்தோட சரி, இனிமே பஸ்ஸுலதான் வருவேன்" என்பாள். அடுத்த மாதம் அவள்தான் முதலில் கம்பியில் ஏறி உட்காருவாள்.

ஆரணியில் மஸ்தான் பாய் கடை. கறியை வெட்டுவது அவர், மசாலா அவர் சம்சாரம் ஜைத்தூன்பீ. துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிந்த தயிர், அம்மியில் அரைத்த இஞ்சி பூண்டு, காய்ந்த மிளகாய் விழுது, கசகசா, பொட்டுக்கடலை மாவு. பப்பாளிக்காய் மட்டும் பொழுது விடிந்த பிறகு, கொஞ்சமாக. ரெண்டு துண்டு கறிக்கு நடுவில் ஒரு துண்டு கொழுப்பு வைத்துக் கம்பியில் குத்தி, தாமரை இலையில் சுருட்டிக் கொடுப்பார்கள். சுட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பாய் வீட்டுப் பாஷையில் அந்தக் கம்பிக்கு சீக்கு என்று பெயர். அதனால் அந்தக் கறிக்கு 'சீக்கு கறி'. அண்ணனும் தங்கையும் அதே பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, மூன்று செங்கல் வைத்து, கரி மூட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் விசிறுவார்கள். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டி, புகை எழும்பி, தெருவே மூக்கை நீட்டும். கம்பி முனையில் இருக்கிற துண்டுதான் நன்றாக முறுகும். அந்த முனைத் துண்டு எப்போதும் விக்டோரியாவுக்கு. அதில் பேச்சே கிடையாது.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டே மிதித்தான் ஜெயராஜ். எதிர்க்காற்று கண்ணில் அடித்தது. காற்றால்தான் கண்ணில் தண்ணீர் என்று அவன் சொன்னால், நாம் நம்பிக்கொள்வோம்.

* * *

கடை அப்படியே இருந்தது. இல்லை, முன்னைவிடப் பெரிதாக இருந்தது. வாசலில் ஆறேழு பேர் இலைப் பொட்டலத்துக்குக் காத்திருந்தார்கள்.

"அடடடே! ஜெயராஜா! வா நைனா, வா!" என்று கத்தியோடு கையைத் தூக்கினார் மஸ்தான் பாய். "எங்கப்பா என் ஆறு கம்பி? எடுத்துகினு போனவன் ஏழு வருசமா ஆளே காணோமே!"

"கம்பி பழவேற்காட்டுல கீது பாய்" என்றான் ஜெயராஜ் அசட்டுச் சிரிப்போடு. "வேற எட்டுக் கம்பி குடுங்க."

பின்பக்கத்தில் இருந்து ஜைத்தூன்பீ எட்டிப் பார்த்தாள். "முனைத் துண்டு எனக்குத்தான்னு சண்டை போடுமே, அந்தப் பொண்ணு எப்படி கீது?"

"இன்னிக்கு ஊட்டுக்கு வருதும்மா" என்றான்.

ஜைத்தூன்பீ உடனே கறித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். முனைக்கு நல்ல துண்டாகப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்.

காத்திருந்தபோதுதான் ஜெயராஜ் வாசல் பலகையைப் படித்தான். சுண்ணாம்பு எழுத்தில் 'கம்பிக் கறி கிடைக்கும்' என்று இருந்தது.

"இன்னா பாய், பேர மாத்திட்டீங்க?"

"அந்தக் கதைய ஏன் கேக்கிற!" பாய் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மொதல்ல பலகைல 'சீக்கு கறி கிடைக்கும்'னுதான் எழுதினேன். புதுசா வந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர் அதப் படிச்சிட்டு சைக்கிள்லேர்ந்து குதிச்சாரு பாரு! 'யோவ், சீக்கு வந்த ஆட்ட அறுக்கிறதே தப்பு. அதப் பலகைல வேற எழுதி வெச்சி விக்கிறியா, இன்னா தகிரியம்யா உனக்கு'ன்னு ஒரே சத்தம். எனக்கு சீக்குன்னா கம்பி. அவருக்கு சீக்குன்னா நோவு. அப்பறம் அவரு எதிர்லயே ஒரு கம்பி சுட்டு நானே துன்னு காட்டினேன். அப்பதான் நம்பினாரு. அன்னிக்கே பலகைய அழிச்சிட்டேன்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராஜ் சிரிக்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொட்டலத்தை அவன் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பகல் ஷிப்டு. பழவேற்காட்டில் மாமியார் வீடு இருந்த அருணகிரி என்கிற பட்டறை நண்பனிடம் கொடுத்தனுப்பினான். மீன் சமைக்கிறவர்களுக்கு இதை என்ன செய்வதென்று தெரியாதே என்று, ஒரு துண்டுச் சீட்டும் எழுதி இலைக்குள் செருகினான். என்ன எழுதினான்?

'சீக்கு கறி. உங்களுக்காகவே வாங்கியது. அப்படியே நெருப்பில் போடவும். ஜெயராஜ்.'

"அய்யோ!" என்றான் ஜெயராஜ்.

"இன்னா நைனா, கறில எதுனா...?"

"கறில ஒண்ணுமில்ல பாய்" என்றான். "என் கைலதான் இருந்திருக்கு."

நோய் வந்த கறி. உங்களுக்காகவே வாங்கியது. நெருப்பில் போடுங்கள். எவன் வீட்டுக்கு அப்படி ஒரு சீட்டு வந்தாலும் நாய்க்குத்தான் போடுவான். அதுகூட மரியாதைதான். வேறு யாராவது என்றால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

* * *

எட்டுக் கம்பியையும் கட்டிக்கொண்டு அவன் மிதித்த மிதியில் சங்கிலி அறாமல் இருந்தது ஆச்சரியம். அவர்கள் வருவதற்குள் போய்விட வேண்டும், அந்த அம்மா கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நினைப்பு.

வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது.

உள்ளே விக்டோரியா நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "அண்ணா" என்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துபோன ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அவனை முறைத்துப் பார்த்தது. பூவம்மாள். தங்கைக்கு மகள் பிறந்ததையே யாரோ சொல்லித்தான் அவன் கேள்விப்பட்டிருந்தான்.

நடுக்கூடத்தில் மஞ்சள் புடவையும் கொண்டையில் வேப்பிலையுமாக எல்லம்மா நின்றாள், விக்டோரியாவின் மாமியார். மேரி நீட்டிய தண்ணீர்ச் சொம்பை அவள் வாங்கவில்லை.

"தண்ணி அப்பறம்மா. கேக்க வேண்டியத மொதல்ல கேட்டுடறேன்."

"அத்தே, நானே சொல்லிடறேன்..." என்று ஆரம்பித்தான் ஜெயராஜ்.

"நீ இரு. ஏழு வருசமா உள்ளயே வெச்சிகினு இருந்தவ நானு. நான்தான் மொதல்ல."

கக்கத்தில் இருந்த துணி மூட்டையைப் பிரித்துக் கவிழ்த்தாள். ஆறு இரும்புக் கம்பிகள் தரையில் விழுந்து உருண்டன. பிறகு இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, மடித்து மடித்துத் தபால்தலை அளவுக்கு ஆகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து, கம்பிகளின் மேல் வைத்தாள்.

"இது உன் எழுத்துதானே?"

"ஆமா."

"நான் படிக்காதவ. தபால்கார கோபால்தான் படிச்சுக் காட்டினான். ஒவ்வொரு எழுத்தும் நெஞ்சுல குத்திகினு கீது. நாங்க உனக்கு இன்னாய்யா துரோகம் பண்ணோம்? பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமே. மீன் பிடிக்கிறவங்கன்னா நோவுல செத்த ஆட்டத் துன்றவங்கன்னு நெனச்சிட்டியா? அத உங்களுக்காகவே வாங்கினேன்னு எழுத உனக்கு எப்படிய்யா கை வந்துது? இத ஒரு தரம் உன் மூஞ்சியப் பாத்துக் கேக்காம என் கட்ட வேவாதுன்னு பெரியபாளையத்து அம்மாகிட்ட வேண்டிகினேன். கேட்டுட்டேன். இப்ப நீ சொல்லு."

அந்தக் குரலில் சண்டை இல்லை. நொந்துபோன மனசு மட்டும்தான் இருந்தது. மேரி சொம்பைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

விக்டோரியா குனிந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அத்தே... இத ஏன் என்னாண்ட காட்டல? ஒரு தரம், ஒரே ஒரு தரம் காட்டியிருக்கக் கூடாதா?"

"எப்படிடீ காட்டுவேன்?" என்றாள் எல்லம்மா. "நீ எங்க ஊட்டுக்கு வந்து நாலே நாளு. விருந்துக்குப் போயிருந்தே. கூடப்பொறந்தவன் இப்படி எழுதிட்டான்னு தெரிஞ்சா நீ தாங்குவியா? உன் புருஷனுந்தான் சொன்னான், 'அவளுக்குத் தெரிய வேணாம்மா, பாவம்'னு. உனக்குன்னு இருந்தது அந்த ஒரு அண்ணன். அவன ஏன் கெட்டவனாக் காட்டணும்னு நாங்களே முழுங்கிட்டோம்."

ஜெயராஜ் ஏழு வருஷமாக யாரைத் திமிர் பிடித்தவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தானோ, அவர்கள் ஏழு வருஷமாக இவன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவன் எல்லம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தான். ஒரு கம்பியைக் கையில் எடுத்தான்.

"அத்தே, இதுக்குப் பேரு இன்னா?"

"கம்பி."

"கறி வாங்கின பாய் ஊட்டுல இத சீக்குன்னுதான் சொல்லுவாங்க. சீக்குல குத்தின கறி, சீக்கு கறி. சின்ன வயசுலேர்ந்து எனக்கும் இவளுக்கும் அந்தப் பேருதான் தெரியும். சத்தியமா வேற அர்த்தம் எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்குக் காலைலதான் தோணுச்சு. தப்பு என்னுதுதான் அத்தே. என்ன எதுனா நாலு வார்த்த திட்டிடுங்க."

எல்லம்மா கம்பியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். விக்டோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

பிறகு எல்லம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அப்படீன்னா... அது நல்ல கறியா?"

"ஆரணிலயே நல்ல கறி அத்தே."

"அய்யோ பாவி! நல்ல கறியயா நான் நாய்க்குப் போட்டேன்?"

முதலில் சிரித்தது மேரிதான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சொம்புத் தண்ணீர் தளும்பி அவள் காலில் கொட்டியது. எல்லம்மா மிச்சத் தண்ணீரை அவள் கையில் இருந்து பிடுங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

* * *

பின்கட்டில் மூன்று செங்கல் வைத்தார்கள். நடுவில் நிறையக் கரி. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் விசிறினார்கள். யாரும் சொல்லாமலே அவரவர் பழைய பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

திரும்பி வந்த பழைய கம்பிகளை ஜெயராஜ் எடுத்துப் பார்த்தான். புகை ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தன.

"இதுல இன்னா சுட்டீங்க அத்தே?"

எல்லம்மா வேறு பக்கம் பார்த்தாள். "மடவ மீனு" என்றாள். "உன் மேலதான் கோவம். இரும்பு இன்னா பாவம் பண்ணுச்சு? நல்ல கம்பிய்யா அது."

கொழுப்பு உருகிச் சொட்டியது. புகை எழும்பியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. முதல் கம்பி வெந்ததும், மஸ்தான் பாய் செய்த மாதிரியே ஜெயராஜ் ஒரு துண்டைக் கழற்றி எல்லோரும் பார்க்கத் தான் தின்றான். அப்புறம்தான் கம்பியை எல்லம்மாவிடம் நீட்டினான். முனைத் துண்டோடு.

விக்டோரியா வாயைத் திறந்தாள். அது அவளுடைய துண்டு. திறந்த வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எல்லம்மா நிதானமாக மென்றாள். எல்லோரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த நாயி குடுத்து வெச்சது" என்றாள்.

நாலாவது கம்பி வரைக்கும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கடைசியில் ஜெயராஜே கேட்டான். "உன் ஊட்டுக்காரரு பெரியபாளையத்துக்கே வரலியா?"

விசிறியை நிறுத்தினாள் விக்டோரியா. "வந்தாரு. ரயில் டேசன்ல ஒக்காந்துகினு கீறாரு. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவங்க ஊட்டுக்கு நான் வர மாட்டேன், நாலு மணி வண்டிக்குள்ள நீங்க வரலன்னா நான் பாட்டுக்குப் போய்கினே இருப்பேன்னுட்டாரு. சொன்னா சொன்னதுதாண்ணா, தெரியும் இல்ல?"

மேரி உள்ளே ஓடிக் கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணே முக்கால்!"

ஜெயராஜ் எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியில் இருந்து பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தான். "ரெண்டு வரி எழுதித் தரேன் விக்டோரியா. நீ எடுத்துகினு போய்..."

எல்லம்மா பாய்ந்து வந்து பென்சிலைப் பிடுங்கினாள்.

"எழுத வேணாம் சாமி! நீ எழுதினது போதும். சைக்கிள எடு. வாயத் தொறந்து பேசு."

* * *

சூடான ஒரு கம்பியைத் தாமரை இலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அவன் சைக்கிளைத் தள்ளினான். யாரும் கூப்பிடாமலே பூவம்மாள் ஓடி வந்து முன் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா உட்காருவாளே, அதே மாதிரி, ஒரு பக்கமாக. இறக்கிவிட நேரமில்லை. மனசும் இல்லை.

"கால் மரத்துப்போவும், சொல்லிட்டேன்" என்றான்.

"போவாது" என்றது குழந்தை. "மாமா, இது இன்னா பொட்டலம்?"

சொன்னான்.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் பொட்டலமுமாக அவன் ஓடியபோது வண்டி வந்து நின்றிருந்தது. புகையும் ஆவியுமாக ஒன்றும் தெரியவில்லை. கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அகலமான முதுகு தெரிந்தது. பூவராகவன். ஒரு கால் பிளாட்பாரத்தில், ஒரு கால் படியில்.

ஜெயராஜ் வாயைத் திறந்தான். தங்கை புருஷனை இதுவரை அவன் ஒரு முறைகூட முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டான்.

"மாப்ளே!"

அதே நொடியில் என்ஜின் ஊதியது. ஏழு வருஷமாக வராத அந்த ஒரு சொல், அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போயிற்று. கார்டு பச்சைக் கொடியை விரித்தார்.

இடுப்பில் இருந்த பூவம்மாளுக்கு மட்டும் எந்தக் கஷ்டமும் இல்லை. ஊதல் நின்றதும், கழுத்து நரம்பு புடைக்க, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நைனா! எறங்கு நைனா! மாமா உனக்காகவே சீக்கு கறி எடுத்தாந்து கீறாரு!"

பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிப் பெட்டியின் படியில் பூவராகவனும் திரும்பினான். ஜெயராஜ் பொட்டலத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு ஆமாம் ஆமாம் என்று ஆட்டினான்.

வண்டி மெதுவாக நகர ஆரம்பித்தது. படியில் வைத்த காலை பூவராகவன் இன்னும் எடுக்கவில்லை.

(அடுத்த வாரம் தொடரும்)